கேட்டு அமைத்த ஆடுகளங்கள்

ஊருக்குப் பொதுவான இடம் ஒன்றை அமைப்பது, தன் வீட்டு முற்றத்தை அமைப்பதினும் அரிய செயலாகும். முற்றத்தை அமைப்பவன் தன் குடும்பத்தாரின் விருப்பத்தை மட்டும் எண்ணினால் போதும். பொதுவிடத்திற்கோ உரியவர் பலர். அங்கே ஓடியாட விரும்பும் சிறுவர் உளர். குழந்தையை மணலில் விளையாட விட்டு அருகே அமர விரும்பும் தாய்மார் உளர். காலையிலும் மாலையிலும் நடந்தும் உடற்பயிற்சி செய்தும் உடல்நலம் பேண விரும்பும் முதியோர் உளர். மரநிழலில் அமைதியாக இருந்து படிக்க விரும்புவோரும் உளர். இத்துணைப் பேருக்கும் உரிய ஓர் இடத்தை யாரைக் கேட்டு அமைப்பது? பூங்காவும் ஆடுகளமும் அமைக்கும் நகரங்கள் யாவும் விடை காண வேண்டிய வினா இது. ஐரோப்பாக் கண்டத்தைச் சேர்ந்த இரண்டு நகரங்கள் இவ்வினாவிற்கு விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

அவற்றுள் ஒன்று நெதர்லாந்து நாட்டின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1940 முதல் 1945 வரை, அந்நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யூத மக்களுள் பெரும்பாலோர் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த வீடுகள் ஆளின்றிப் பாழ்பட்டுக் கிடந்தன. 1944ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அந்நகரத்தார் உணவின்றி வாடினர். அடுப்பெரிக்க விறகும் கிடைக்கவில்லை. குளிருக்கு ஆற்றாத மக்கள், அவ்வீடுகளின் உத்திரங்களையும் படிக்கட்டுகளையும் பெயர்த்தெடுத்து எரித்தனர். உத்திரம் போனபின் சுவர் நிற்குமோ? பல வீடுகள் இடிந்து வீழ்ந்தன. போர் முடிந்தபொழுது, நெருக்கமான வீட்டு வரிசைகளின் இடையிடையே வெற்றிடங்கள் பல தோன்றியிருந்தன. குப்பையும் இடிகல்லும் நிறைந்த அவ்விடங்கள் காண்போர்க்குத் துயரமே தந்தன.

போர் ஓய்ந்த பின்னர் அந்நகரில் குழந்தைகளின் தொகை பெருகிற்று. வீடுகளோ சிறியன, ஆகவே பிள்ளைகள் வெளியே வந்துதான் விளையாட வேண்டும். போருக்கு முன்னரும் அங்கே ஆடுகளங்கள் இருந்தன. ஆயினும் அவற்றுட் பல, தனிச் சங்கங்களின் பொறுப்பில் வேலியிட்டு வைக்கப்பட்டிருந்தன. சங்கத்தில் உறுப்பினராக உள்ளோரின் பிள்ளைகளே அவற்றில் விளையாடலாம். ஏனைய பிள்ளைகட்குத் தெருவே திடலாயிற்று.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் ஒருவர் யாகோபா முல்டர் என்னும் அம்மையார். அவர் நகராட்சிப் பொதுப்பணித் துறையின் நகரமைப்புப் பிரிவில் பணியாற்றியவர். குடியிருப்புப் பகுதிதோறும், எவர் பிள்ளையாயினும் தடையின்றி வந்து விளையாடத்தக்க சிறிய ஆடுகளம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1946ஆம் ஆண்டில் அத்துறையிற் சேர்ந்த ஆல்டோ வான் ஐக் என்னும் இளைஞரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 1918ஆம் ஆண்டில் பிறந்த அவர், பிற்காலத்தில் உலகம் போற்றும் கட்டடக் கலைஞராக விளங்கினார்.

1947ஆம் ஆண்டில், பெர்ட்டெல்மான்பிளைன் என்னும் சிறு சதுக்கத்தில் அவர் அமைத்த முதல் ஆடுகளம் உருவாயிற்று. அதில் ஆடம்பரம் யாதும் இல்லை. அகன்ற விளிம்புடைய மணற்குழி ஒன்று, அதனுள் உருண்டைக் கற்கள் நான்கு, குட்டிக்கரணம் போடுவதற்குரிய உலோகக் கம்பிகள், சுற்றிலும் மரங்கள், அமர்வதற்கு ஐந்து இருக்கைகள். இவ்வளவே. ஆயினும், ஒவ்வொன்றும் எண்ணி வைக்கப்பட்டது. மணற்குழியின் விளிம்பு அகலமாக இருந்தமையால், குழந்தைகள் அதன்மேல் மணற்சோறு ஆக்கி வைத்து விளையாடினர். பெரியோர் அதன்மேல் அமர்ந்து குழந்தைகளோடு உரையாடினர். தெருவையும் ஆடுகளத்தையும் பிரிக்கும் வேலி அங்கே இல்லை.

இந்த ஆடுகளத்தைப் பற்றி அறிந்த பிற பகுதி மக்கள் வாளா இருந்தாரல்லர். ‘எங்கள் பகுதியிலும் இத்தகைய ஆடுகளம் ஒன்று வேண்டும்’ என்று வேண்டி நகராட்சிக்குக் கடிதங்கள் எழுதலாயினர். இன்ன இடத்தில் வெற்றிடம் உள்ளது, இத்துணைப் பிள்ளைகள் உள்ளனர் என்பனவற்றை அவ்வப்பகுதியில் வாழ்வோரைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? நகராட்சியினர் அவ்வேண்டுகோள்களைப் புறக்கணிக்கவில்லை. குறிப்பிட்ட பகுதியில் பயன்படாது கிடந்த இடத்தைத் தேடிக் கண்டனர், அவ்விடத்தின் அளவிற்கும் வடிவிற்கும் ஏற்ப வான் ஐக் வரைபடம் வரைந்தார், ஆடுகளம் எழுந்தது. ஓரிடத்தில் எழுந்த ஆடுகளத்தைக் கண்டு மற்றோரிடத்தார் வேண்ட, இவ்வாறே ஒன்று பலவாயிற்று. 1978ஆம் ஆண்டு வரையில் வான் ஐக் அந்நகருக்கு அமைத்துத் தந்த ஆடுகளங்கள் 700க்கு மேற்பட்டன.

போரினால் வெறுமையுற்ற இடங்களும் இவ்வாறு உயிர் பெற்றன. 1954ஆம் ஆண்டில் டைக்ஸ்டிராட் என்னும் தெருவில், இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் ஒன்று ஆடுகளம் ஆயிற்று. பாழிடமாகக் கிடந்த இடத்தில் பிள்ளைகளின் சிரிப்பொலி எழுந்தது. இறந்தோரை எவரும் மீட்க இயலாது. எனினும், அவர்கள் வாழ்ந்த நகரம் மீண்டும் குழந்தைகள் வாழ்தற்குரியதாயிற்று.

மக்கள் கேட்டதைக் கொடுத்தார் என்பதனால், வான் ஐக் தம் கலையறிவைக் கைவிட்டார் என்று எண்ணுதல் கூடாது. யானை, குதிரை முதலிய உருவங்களைச் செய்து நிறுத்துவதை அவர் விரும்பவில்லை. யானை உருவம் என்றும் யானையாகவே நிற்கும். குழந்தையின் கற்பனைக்கு அதில் வேலை குறைவு. அவர் அமைத்த குவிந்த கம்பிக்கூடு அத்தகையதன்று. அது குழந்தைக்கு ஒருநாள் மலையாகும், மற்றொருநாள் குகையாகும், ஏறி அமர்ந்து கதை பேசுவோர்க்குத் திண்ணையும் ஆகும். எங்கே வேண்டும், யாருக்கு வேண்டும் என்பனவற்றை மக்கள் கூறினர்; எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதைக் கலைஞர் ஆராய்ந்து கண்டார். கேட்பவரும் செய்பவரும் தத்தம் கடமையை உணர்ந்தமையால் அப்பணி சிறந்தது.

காலப்போக்கில் அவ்வாடுகளங்களுட் பெரும்பாலானவை மாற்றமுற்றன, பல மறைந்தன. எஞ்சியவை போற்றப்படுகின்றன. ரைக்ஸ்மியூசியம் என்னும் புகழ்பெற்ற அருங்காட்சியகத்தின் தோட்டத்திலும் அவர் வடிவமைத்த ஏறுகம்பிகளிற் சில நிறுவப்பட்டுள்ளன.

ஆம்ஸ்டர்டாமின் வரலாறு, கேட்டவர்க்குச் செவிசாய்த்த நகரத்தின் வரலாறு. ஆயினும், இங்கே மற்றொரு வினா எழுகின்றது. கடிதம் எழுதுவோரின் குரலும், கூட்டத்தில் எழுந்து பேசுவோரின் குரலுமே ஊரின் முழுக்குரல் ஆகுமா? கேட்க அஞ்சுவோர், கேட்க அறியாதார், கேட்டாலும் கிடைக்காது என்று ஒதுங்கிவிட்டோர் ஆகியோரின் விருப்பத்தை எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடை கண்ட நகரம், ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னா.

வியன்னா நகராட்சி 1992ஆம் ஆண்டில் மகளிர் நலனுக்கென ஓர் அலுவலகத்தை நிறுவிற்று. பின்னர், 1996-97இல், நகரத்துப் பூங்காக்களைப் பயன்படுத்துவோர் யாவர் என்பது குறித்து ஆய்வொன்று நிகழ்த்தப்பட்டது. அவ்வாய்வு வியப்பும் வருத்தமும் தரும் உண்மை ஒன்றை வெளிப்படுத்திற்று. சிறு வயதில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பூங்காவிற்கு வருகின்றனர். ஏறத்தாழப் பத்து வயதிற்குப் பின்னர் ஆண்பிள்ளைகள் தொடர்ந்து வருகின்றனர்; பெண்பிள்ளைகளின் வருகையோ பெரிதும் குறைந்துவிடுகின்றது.

பெண்பிள்ளைகள் வரலாகாது என்று சட்டம் உண்டோ? இல்லை. வாயிலில் தடுப்போர் உண்டோ? அவரும் இல்லை. அவ்வாறாயின் அவர்கள் ஒதுங்கியது ஏன்? காரணம் பூங்காவின் அமைப்பிலேயே இருந்தது. ஆடுவதற்கு உரிய இடம், உயர்ந்த கம்பிவலையால் சூழப்பட்ட பந்தாட்டக் களமாக இருந்தது. அதற்குக் குறுகிய வாயில் ஒன்றே உண்டு. வளர்ந்த ஆண்பிள்ளைகளின் குழு ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், அவர்களைக் கடந்து செல்லப் பெண்பிள்ளைகள் கூசினர். இடத்திற்காகப் போட்டியிட விரும்பாதவர்கள் மெல்ல விலகினர். விலகியவர்கள் பின்னர் வராமலே நின்றுவிட்டனர். அவர்கள் முறையிடவும் இல்லை. ஆகையால், பூங்கா யாவர்க்கும் பொதுவாகவே உள்ளது என்று ஊரார் எண்ணியிருந்தனர்.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, மார்கரெட்டன் எனப்படும் ஐந்தாம் வட்டத்தில் இரண்டு பூங்காக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டில் புதிதாகத் திருத்தி அமைக்கப்பட்டன. ஒன்று ஐன்சீட்லர் பூங்கா. மற்றொன்று சாங்க்ட் யோகான் பூங்கா. பின்னது பிற்காலத்தில் புரூனோ கிரைஸ்கியின் பெயரைப் பெற்றது. அங்கே செய்த மாற்றங்கள் பெருஞ்செலவினவும் அல்ல, பெருவியப்பினவும் அல்ல. ஒரே பெருவெளியாக இருந்த இடம் பல சிறு பகுதிகளாக வகுக்கப்பட்டது; அதனால் ஒரு குழுவினர் இடம் முழுவதையும் தமதாக்கிக்கொள்ளும் நிலை மாறிற்று. கால்பந்தாட்டத்தோடு கைப்பந்து, பூப்பந்து முதலிய ஆட்டங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. நடைபாதைகள் கூட்டப்பட்டன, ஒளி செவ்வையாக அமைக்கப்பட்டது, தோழியர் கூடி அமர்ந்து பேசுதற்கு இருக்கைகளும் இடப்பட்டன.

மாற்றத்தின் பயன் விரைவில் விளங்கிற்று. ஒதுங்கியிருந்த பெண்பிள்ளைகள் பூங்காவிற்கு மீண்டும் வரலாயினர். அதன் பொருட்டு ஆண்பிள்ளைகள் வெளியேற்றப்படவில்லை. இருபாலாரும் ஒருவர் இடத்தை ஒருவர் கவராது ஆடினர். இங்கே பெற்ற பட்டறிவைக் கொண்டு, பிற பூங்காக்களை அமைப்பதற்குரிய நெறிகளையும் அந்நகரத்தார் வகுத்துக்கொண்டனர்.

பத்து வயதில் ஒரு சிறுமி பூங்காவை விட்டு விலகுவது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அவள் இழப்பது விளையாட்டு ஒன்றை மட்டுமன்று. ஓடியாடிப் பெறும் உடல்வலிமையை இழக்கின்றாள். வீட்டிற்கு வெளியே பெறும் தோழமையை இழக்கின்றாள். எல்லாவற்றினும் மேலாக, ‘இவ்வூர் எனக்கும் உரியது’ என்னும் உணர்வை இழக்கின்றாள். அவ்வுணர்வை இழந்து வளர்பவர், நாளை ஊர்ப்பொதுக் காரியங்களில் துணிந்து முன்வருவது எங்ஙனம்?

பிள்ளைகளின் கருத்தைக் கேட்பது பெரியோர் காட்டும் தயவு என்று கருதுவாரும் உளர். அது பொருந்தாது. 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பேரவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் விதி, குழந்தைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று கூறுகின்றது. அதன் 12ஆம் விதி, தம்மைப் பற்றிய செயல்களில் தம் கருத்தை வெளியிடும் உரிமையை, கருத்துரைக்க வல்ல குழந்தைகட்கு வழங்குகின்றது. அக்கருத்திற்கு, அவர்தம் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளித்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. இந்தியா 1992ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. ஆகவே, ஆடுகளம் அமைக்கும்பொழுது அங்கே ஆடப்போகும் பிள்ளைகளைக் கேட்டல் முறையே அன்றி, மிகையன்று.

கேட்டறிதல் என்பது எளிய செயல் அன்று. கேட்கத் தொடங்கினால் மாறுபட்ட கருத்துகள் பல எழும். ஒருவர் அமைதி வேண்டும் என்பார். மற்றொருவர் பந்தாட்டம் வேண்டும் என்பார். மணற்குழி வேண்டுவார் இருப்பர். அவ்விடத்தில் உடற்பயிற்சிக் கருவிகள் வேண்டுவாரும் இருப்பர். உரத்துப் பேசுவோருக்கு முழுவதையும் கொடுத்துவிடுதல் நீதியாகாது. பலர் பலவிதமாகப் பேசுகின்றனர் என்று சலித்து, யாரையும் கேளாது அமைத்துவிடுதலும் அறிவுடைமை ஆகாது. வாய்திறந்து கேட்போரின் சொல்லைச் செவியால் அறிதல் வேண்டும். வாய்திறவாது விலகி நிற்போரின் குறையைக் கண்ணால் அறிதல் வேண்டும். முன்னதனை ஆம்ஸ்டர்டாம் செய்து காட்டிற்று. பின்னதனை வியன்னா செய்து காட்டிற்று. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவிடத்துத்தான் பொதுவிடம் உண்மையிலேயே பொதுவாகும்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வடத்தைப் பற்றியிருப்போர் பலராக இருத்தலால் மட்டும் ஊர் கூடிவிட்டது என்று கூறிவிட முடியாது. வடத்தைப் பற்ற இடமின்றி ஓரத்தில் நிற்போர் யாவர் என்று திரும்பி நோக்குதல் வேண்டும்; அவர்கள் கைக்கும் சிறிது இடம் விடுதல் வேண்டும். அப்பொழுதே ஊர் கூடிற்று என்பது பொருந்தும். தேரும் தடையின்றி நிலைசேரும்.