கடல் கடந்தோர் ஊரைக் கண்டறிதல்: ஒரு பாடம்

தம் குலத்தின் வேரை அறிய விழைதல் மக்கட்கு இயல்பு. பாட்டனார் பெயரைச் சொல்ல வல்லார் பலர்; அவருடைய பாட்டனார் பெயரைச் சொல்ல வல்லார் மிகச் சிலரே. சொந்த மண்ணில் வாழும் நமக்கே இந்நிலை எனில், நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் கடல் கடந்து சென்றவர்தம் மரபினர் நிலை எத்தகையது? அவர்களுட் பலர் இன்று இணையத்தின் வழியாகத் தம் முன்னோர் ஊரைத் தேடுகின்றனர். அவர்களுக்கு உதவும் தகுதி, அவ்வூர்களைச் சுற்றி வாழும் நம் வாசக அன்பர்கட்கு உண்டு. அது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வரலாறு

தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். ஆங்கிலேய ஆட்சியினர் ஒப்பந்தக் கூலி முறையில் இந்தியரை அங்கு அனுப்பினர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. 1911-இல் ஆள் அனுப்புதல் முடிவுறும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் சென்றனர். அவருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தினர் அவருள் மிகுதி. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலர் அங்கேயே நிலைத்தனர்.

பட்டியலில் உள்ளவை

சென்ற ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் எண் தரப்பட்டது. அவ்வெண்ணின்கீழ்ப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை எழுதப்பட்டன. பள்ளிச் சான்றிதழில் நாம் எழுதுவது போன்றே, மச்சம், தழும்பு முதலிய அங்க அடையாளங்களும் குறிக்கப்பட்டன. இப்பட்டியல்கள் பின்னர் ஆராய்ச்சியாளர்களால் படியெடுக்கப்பட்டு, இன்று இணையத்தில் தேடத்தக்கனவாக உள்ளன.

தேடும் முறை

‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற விதி. குலவரலாற்றுக்கும் அதுவே விதி. தேடுபவர் முதலில் தம் பிறப்புச் சான்றையும், அடுத்துப் பெற்றோர், பாட்டனார் ஆகியோரின் திருமண, இறப்புச் சான்றுகளையும் தேடி எடுத்தல் வேண்டும். பழைய சான்றுகள் சிலவற்றில் மேற்சொன்ன எண் காணப்படும். அது கிடைத்தால் பட்டியலில் ஆளைக் காண்பது எளிது.

எண் கிடைக்காவிடில் பெயரைக் கொண்டே தேட வேண்டும். அங்குத் துன்பம் மிகுதி. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. ஆகவே நட்டாலில் தந்தை பெயரே சிலருக்குக் குடும்பப்பெயராயிற்று. வேறு சிலருக்குக் குலப்பட்டம் அவ்வாறாயிற்று. ‘மூட்லி’ என்பது முதலியார். ‘கொவெண்டர்’ என்பது கவுண்டர். ஒரே வீட்டு அண்ணன் தம்பியர் வெவ்வேறு குடும்பப்பெயருடன் விளங்குவதும் உண்டு.

ஊர்ப்பெயரைப் படித்தல்

நம் உதவி தேவைப்படும் இடம் இதுவே. பட்டியலில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ளன. ‘ல, ள, ழ’ மூன்றுக்கும் அதில் ஓரெழுத்தே. ‘ட, த’ இரண்டுக்கும் பெரும்பாலும் ஓரெழுத்தே. எனவே ‘பாடி’யும் ‘பாதி’யும் ஒன்றாய்த் தோன்றும். ‘வாண்டிவாஷ்’ என்பது வந்தவாசி என்று நமக்கு உடனே விளங்கும். டர்பனில் பிறந்த ஒருவருக்கு எப்படி விளங்கும்?

எல்லை மாற்றங்களையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். வந்தவாசி அக்காலத்தில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. இன்று ஆந்திரத்திலுள்ள சித்தூரும் 1911 வரை வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. ஆதலின் ‘வட ஆர்க்காடு’ என்று கண்டவுடன் வேலூர்ப் பக்கம் என முடிவு செய்தல் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பெயர் முனுசாமி, தந்தை சின்னக்கண்ணு, ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா வந்தவாசி, கிராமம் புதூர் என்று ஒரு பதிவு இருப்பதாகக் கொள்வோம். புதூர் என்னும் பெயரில் ஊர்கள் பல. இந்நிலையில் தேடுபவரை மேலும் வினவுதல் வேண்டும். குடும்பத்தில் வழங்கும் குலதெய்வத்தின் பெயர் யாது? பாட்டியார் சொன்ன ஏரி, மலை, சந்தை ஏதேனும் உண்டா? உடன் சென்ற உறவினர் பதிவில் எந்த ஊர் உள்ளது? இரண்டு மூன்று குறிப்புகள் ஒத்துவந்தால் ஓர் ஊர் எஞ்சும். ஒத்து வராவிடில் ‘உறுதியில்லை’ என்பதே சரியான விடை.

உதவுவோர்க்கு மூன்று நெறிகள்

ஒன்று: ஊகத்தை ஊகம் என்றே சொல்லுதல். கேட்பவர் மகிழ்வாரே என்று ஓர் ஊரைச் சொல்லிவிட்டால், அவர் பெருஞ்செலவு செய்து வந்து, பிறருடைய ஊரில் கண்ணீர் மல்க நின்று, அந்த மண்ணை முடிந்து எடுத்துச் செல்வார். அவர் பேரப்பிள்ளைகளும் அதையே மெய்யென்று எழுதி வைப்பர். நல்லெண்ணத்தாற் சொன்ன பொய்யும் ஒரு குலத்தின் வரலாற்றைத் திரித்துவிடும்.

இரண்டு: சாதிப் பத்தியில் உள்ளதைக் கொண்டு ஒருவரை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது. எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதியதே அது. சென்றவரும் தாம் விரும்பியவாறு சொல்லியிருக்கலாம். வறுமையால் சென்றவர் என்பதற்காக அவர் மரபினர் நாணவும் வேண்டுவதில்லை. முன்னோரை அறிவது அன்பு கொள்வதற்கேயன்றிப் பெருமை அளப்பதற்கன்று.

மூன்று: இன்று வாழ்வோரின் முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை அவர்தம் இசைவின்றிப் பிறர்க்குத் தருதல் கூடாது. ஊரில் உறவினர் இருப்பதாகத் தெரிந்தால் முதலில் அவர்களிடம் சென்று சொல்லி, விருப்பம் கேட்டபின்னரே தெரிவித்தல் முறை.

பயிற்சி

பிறர்க்கு உதவுமுன் நம் வீட்டிலேயே இதனைப் பயிலுதல் நன்று. ஒரு தாளில் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். ஆடவர்க்குப் போன்றே பெண்டிர்க்கும் தந்தை பெயரையும் பிறந்த ஊரையும் எழுதுங்கள். பெரும்பாலோர் இங்கே தடுமாறுவர். கூலிக்கப்பலேறிய பெண்ணுக்கும் தந்தை பெயரும் ஊரும் கேட்டு எழுதியவர் உளர். நம் இல்லத்திற்கு விளக்கேற்ற வந்த பாட்டியாரின் ஊரை நாம் எழுதி வைத்தோமில்லை.

எழுத இயலாத இடங்களை வெறுமையாக விடுங்கள். அவற்றை நிரப்ப வல்ல முதியோர் யாவர் எனப் பக்கத்திலே குறியுங்கள். அவர்களைக் காணச் செல்வதை அடுத்த திருவிழா வரை ஒத்திப் போட வேண்டா. இந்த வாரமே செல்லுங்கள்.