உறக்கத்தில் மூச்சுத் தடை: படம் எப்போது தேவை?

புது தில்லியின் கோல் மார்க்கெட் வட்டாரம் நெடுங்காலமாக மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் அமைந்த பகுதி. லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியும் டாக்டர் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையும் அதற்கு அண்மையிலேயே உள்ளன. மத்திய அரசு சுகாதாரத் திட்டம் 1954ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றதும் தில்லியில்தான். இருப்பினும், கோப்பின் முன் கண்ணயரும் எழுத்தரை நாம் சோம்பேறி என்கிறோம். இரவில் அவர் சரியாக மூச்சு விடுகிறாரா என்று விசாரிப்பதில்லை.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மேல் மூச்சுப் பாதை அடைபட்டு, பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நின்றுவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை சற்றே விழித்து மூச்சை மீட்கிறது. இரவெல்லாம் இது தொடர்வதால் பகலில் தூக்கம் அழுத்துகிறது. தில்லியில் நடுத்தர வயதினரிடையே நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வு, 13.7 சதவீதத்தினருக்கு இக்கோளாறு இருப்பதாகக் கண்டது.

இரவு முழுவதும் நடத்தும் உறக்க ஆய்வு, மணிக்கு எத்தனை தடை என்று கணக்கிடும். தடை எந்த இடத்தில் என்று அது காட்டாது. அந்தக் குறையை நிரப்பவே படங்கள் பயன்படுகின்றன. பக்கவாட்டு எக்ஸ்ரே மலிவானது. தாடை உள்வாங்கியிருப்பதையும் நாவடி எலும்பு தாழ்ந்திருப்பதையும் அதில் அளக்கலாம். ஆனால் அது தட்டையான நிழலே. சி.டி. ஸ்கேன் பாதையின் குறுக்குப் பரப்பைத் தரும், கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை; தசையையும் கொழுப்பையும் பிரித்தறியலாம். 1990களில் அமெரிக்காவில் இம்முறையில் ஆராய்ந்தவர்கள், தொண்டையின் பக்கச் சுவர்கள் தடித்திருப்பதும் முக்கியக் காரணம் எனக் கண்டனர். அதுவரை நாக்கின் மீதும் மெல்லண்ணத்தின் மீதுமே பெரும்பாலும் பழி சுமத்தப்பட்டு வந்தது.

ஆயினும் படம் எடுக்கப்படுபவர் பெரும்பாலும் விழித்திருக்கிறார். விழிப்பில் தசைகள் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். இதனால் 1991இல் இங்கிலாந்து மருத்துவர் இருவர், மருந்தால் உறங்கச் செய்து, மூக்கு வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் முறையை விவரித்தனர். மருந்துத் தூக்கம் இயற்கைத் தூக்கத்திற்கு முற்றிலும் ஈடாகாது என்பதும் உண்மையே.

செலவுக் கணக்கு இங்கேதான் எழுகிறது. 1981இல் சிட்னியில் சல்லிவனும் அவர் குழுவினரும் அறிவித்த காற்றழுத்தக் கருவி, அடைப்பு எவ்விடத்தில் இருப்பினும் பாதை முழுவதையும் விரித்து வைக்கிறது. அக்கருவியைப் பெறப்போகிறவருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதால் சிகிச்சை பொதுவாக மாறுவதில்லை. அறுவை சிகிச்சை கருதப்படுபவரின் நிலை வேறு. அடைப்பு நாவடியில் இருக்க, அண்ணத்தை வெட்டினால் பயன் என்ன? ஆகவே பொதுப் பணம் முதலில் உறக்க ஆய்வுக்கும், விலையுயர்ந்த படங்கள் அறுவைக்குச் செல்லும் சிலருக்கும் ஒதுக்கப்படுதல் தகும்.

அதற்கும் முன்னதாக, மருந்தகத்தில் கழுத்தின் சுற்றளவை ஒரு நாடாவால் அளக்கலாம். குறட்டையைப் பற்றி மட்டும் நோயாளியைக் கேட்பதைவிட அவர் மனைவியைக் கேட்பதே மேல்.