கருப்பு துரத்துகிறதா?

கேள்வி: இந்திரா சௌந்தர்ராஜன் நாவல்களை விரும்பிப் படிப்பேன். இலக்கிய நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர் படிக்கத் தகுந்தவர்தானா?
— ஒரு வாசகி, மில்லிக்கன், டொரன்டோ

பதில்: சிரிக்கட்டும். 2003-இல் அமெரிக்கத் தேசியப் புத்தக அறக்கட்டளை திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங்குக்குப் பதக்கம் அளித்தபோது விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் கொதித்தார். கிங்கின் புத்தகங்கள் இன்றும் விற்கின்றன.

2024 நவம்பரில் மதுரையில் மறைந்த நம் சௌந்தர்ராஜனின் பலம், பயத்தை இறக்குமதி செய்யாதது. காவல் தெய்வம், சித்தர், நவபாஷாண லிங்கம் என நம் ஊர்க் கோயில் வாசலிலேயே அதைக் கண்டெடுத்தார். நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ என்ற தொலைக்காட்சித் தொடராக ஓடிய ‘விட்டுவிடு கருப்பா’வில் நடப்பது கருப்புச் சாமியின் வேலையா, மனநோயா என்ற கேள்வியைக் கடைசிவரை இழுத்துப் பிடிக்கிறார். அந்தப் பிடி எல்லா நாவல்களிலும் இல்லை. வார இதழ்த் தொடருக்கான அவசரம் பல இடங்களில் தெரியும். பாத்திரங்கள் பக்கம் பக்கமாக விளக்கம் சொல்வார்கள். பாத்திரங்களின் மன ஆழம் வேண்டுமென்றால் இவரிடம் போகாதீர்கள். (பேய்க்கதைக்காரரிடம் அதை எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அநியாயம்தான்.)

‘விட்டுவிடு கருப்பா’ நாவலையே முதலில் படியுங்கள், தொடரைப் பிறகு பாருங்கள். முடிவை மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.