மடிக்கணினியும் வெப்பமும்

தமிழ் பயில்வார்க்கும் கணினியின் வெப்பத்திற்கும் யாது தொடர்பு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். பழைய நூற்பக்கங்களைப் படமெடுத்து, 'டெசராக்ட்' போன்ற எழுத்துணரி நிரலால் அவற்றை எழுத்தாக மாற்றும் பணியில் நம்மனோர் சிலர் இந்நாளில் ஈடுபட்டுள்ளனர். 500 பக்கங்களை ஒருங்கே இட்டு உறங்கச் செல்லின், மடிக்கணினியின் செயலி இரவெல்லாம் இடைவிடாது உழைக்கின்றது. சித்திரை மாதத்து விடுதியறையில் அவ்வுழைப்பு என்னாகும் என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

செயலி கொள்ளும் மின்சாரம் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அதனைச் செம்பினாலான வெப்பக் குழாய் ஏற்றுச் செல்லும். குழாயினுள்ளே சிறிது நீர் உண்டு. அது செயலியினருகே ஆவியாகி, மறுமுனையிலுள்ள தகடுகளிடையே குளிர்ந்து நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மீளும். தகடுகளினூடே விசிறி காற்றைச் செலுத்துகின்றது. இவ்வமைப்பு எத்துணைச் சிறந்ததாயினும், அறைக்காற்றினும் செயலியைக் குளிரச்செய்ய இயலாது. அறை 25 பாகையினின்று 38 ஆயின், செயலியும் ஏறக்குறைய 13 பாகை மிகுந்தே நிற்கும். பல செயலிகளுக்கு 100 பாகையளவே எல்லை. அதனை நெருங்கியதும் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே, பலரும் அஞ்சுமாறு செயலி எரிந்துபோவதன்று. வேலை நீளுவதும், அருகிலுள்ள லித்தியம் மின்கலம் விரைவில் நலிவதுமே கேடு. நம்மிற் பெரும்பாலார்க்கு இக்கருவி வீட்டார் அரிதின் வாங்கித் தந்ததாதலின், இக்கேடு சிறிதன்று.

மெத்தைமீது வைத்தலாகாது, அடிப்புறக் காற்றுத்துளைகள் அடைபடும். பின்புறத்தை இரு புத்தகங்களால் சற்றே உயர்த்துக (அகராதி இதற்கும் உதவும்!). விசிறியின் தூசியையும் அவ்வப்போது நீக்குக. இவை பலரும் அறிந்தவை. அறியாதது பிறிதொன்று உண்டு.

செயலி செலவிடும் மின்திறனிற் பெரும்பகுதி, அதன் வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகுவது. வேகத்தைக் குறைப்பின் மின்னழுத்தமும் தாழும். இரண்டும் பத்திலொரு பங்கு குறைவதாகக் கொள்வோம்: 0.9 என்பதை மும்முறை பெருக்க 0.729 வரும். அஃதாவது, வேகத்தில் பத்திலொன்றை விட்டுக்கொடுத்து, வெப்பத்தில் நாலிலொன்றுக்கு மேல் ஒழித்தோம். 10 மணி நேர வேலை 11 மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். உறங்குவார்க்கு அஃதொரு பொருட்டன்று. வெப்பத்தால் முன்னரே வேகங்குன்றிய கணினியிலோ அவ்விழப்புங்கூட இராது. விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் செயலியின் உச்ச நிலையை நூற்றுக்கு 99 என மாற்றினாலே, பல கணினிகளில் 'டர்போ' என்னும் மிகைவேகம் அடங்கிவிடும்.

இரவு முழுதும் மின்னிணைப்பிலேயே இயங்குமாயின், மின்கலத்தை நூற்றுக்கு 80 அளவில் நிறுத்தும் வசதி உண்டா எனவும் பார்க்க. நிறைந்த மின்கலமே வெம்மையில் மிகவும் நலிவது.