பழைய காரின் டாஷ்போர்டு மெத்தையை மாற்றுவோர் கவனத்திற்கு

1960-களிலும் 70-களிலும் வெளிவந்த அமெரிக்கக் கார்களில், விபத்து நேரும்போது பிரயாணிகளின் தலையைக் காக்கும் பொருட்டு டாஷ்போர்டின் மேல் பொருத்தப்பட்ட நுரை மெத்தையானது, வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து, அதன் வினைல் உறைக்கு மிருதுத் தன்மை அளிக்கும் ரசாயனப் பொருள் சிறிது சிறிதாக வெளியேறிவிடுவதனால் இறுகி வெடித்துவிடுகிறது. அதை மாற்ற விரும்புவோர் கீழ்க்கண்டவற்றை அனுசரித்தல் நலம்.

• கழற்றுமுன்: பாட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் விலக்கிவிட்டு, ஒயர்கள் இணைந்திருக்கும் விதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூக்களை இடம் குறித்த தனித்தனி உறைகளில் இட்டு வைக்கவும்.

• கழற்றும்போது: சில வண்டிகளில் முன்கண்ணாடியை எடுத்தாலன்றி மெத்தை வெளிவராதாகையால், பலவந்தமாக இழுக்காமல், அந்த மாடலுக்குரிய சர்வீஸ் மானுவலைப் பார்த்த பின்னரே கை வைக்கவும்; உதிரும் நுரைத் தூளைச் சுவாசியாதபடி முகமூடி அணிவது அவசியம்.

• பொருத்தும்போது: புது மெத்தையை முதலில் வெறுமனே வைத்து, ஸ்க்ரூத் துளைகளும் காற்றுத் துவாரங்களும் நேராக அமைகின்றனவா என்று பரீட்சித்துக்கொள்ளவும்; ஒட்டும் வகையாயின், உஷ்ணம் தாங்கும் பசையை, நெருப்பு அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் இரு பரப்புகளிலும் பூசி, சற்று உலர்ந்த பின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தவும்.

• எச்சரிக்கை: வெடிப்பின் மேல் ஒட்டும் கடின பிளாஸ்டிக் மூடி தோற்றத்தைச் சீர்படுத்துமேயன்றி, உள்ளே பொடிந்துபோன நுரையின் காப்புச் சக்தியை மீட்டுத் தராது.

புது மெத்தை நீடித்து உழைக்க, வண்டியை நிழலில் நிறுத்துங்கள். இயலாதபோது முன்கண்ணாடிக்குத் திரையிடுங்கள்.