முதலில் தாள், பிறகு கணினி

தம்பி, தங்கைகளே, நிரல் எழுதக் கற்க வந்திருக்கும் உங்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: கையால் போட்டுப் பார்க்காத கணக்கைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள்.

1. கேள்வியை வாசித்ததும் கீபோர்டில் கை வைக்க வேண்டாம். கொடுத்தது என்ன, கேட்பது என்ன என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் நான்கு படிகளைச் சொன்னார்: புரிந்துகொள்வது, வழி தேடுவது, செய்வது, திரும்பிப் பார்ப்பது. நிரலுக்கும் இதுவே வழி. முதலும் கடைசியும்தான் பலர் தாண்டிப் போகும் படிகள்.

2. சின்ன எண்ணில் தொடங்குங்கள். 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களைக் கூட்டச் சொன்னால், முதலில் 10-க்குக் கீழே கூட்டுங்கள்: 3, 5, 6, 9. விடை 23. அதோடு நிறுத்தாமல் 20-க்குக் கீழேயும் கூட்டிப் பாருங்கள். மூன்றின் மடங்குகளைத் தனியாக, ஐந்தின் மடங்குகளைத் தனியாகக் கூட்டிச் சேர்த்தால் 93 வரும். சரியான விடை 78. இரண்டு பட்டியலிலும் இருக்கும் 15 இருமுறை சேர்ந்துவிட்டது. பத்தோடு நின்றவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது.

3. நிரலைத் தோற்கடிக்கும் எண்ணை நீங்களே தேடிக் கொடுங்கள். 4-ஆல் வகுபட்டால் லீப் வருடம் என்று எழுதினால் 2023, 2024 இரண்டுக்கும் சரியாக வரும். 1900-ஐக் கொடுத்தால் தவறிவிடும். நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப். அதனால் 2000 லீப், 1900 இல்லை. ஒரு விடை சரியாக வந்ததும் எழுந்து போகிறவர் பாதி வேலைதான் முடித்திருக்கிறார்.

4. பைத்தான் நிரல் மொழியில் எர்ரர் வந்தால் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். எர்ரர் காட்டாத பிழைகளும் உண்டு. பயனர் தட்டுவதை பைத்தான் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். எண்ணாக மாற்றாமல் ஐந்தையும் ஐந்தையும் கூட்டினால் 55 என்று காட்டும்.

5. அடுத்தவர் எழுதிய விடையைப் பார்க்கலாம். பார்த்ததை மூடிவைத்து, மறுநாள் நீங்களாக எழுதுங்கள். ஏஐ தரும் விடைக்கும் இதே விதிதான்.

6. ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குகிறவர்களுக்கு: பைத்தான் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் மொத்தம் 35. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். தமிழில் யோசியுங்கள், தமிழில் தாளில் எழுதுங்கள். அந்த 35 சொற்களும் பழகப் பழக வந்துவிடும்.