கத்தி பிடிக்கப் பழகுவோம்: சவரமும் தீட்டலும்



ஜெயமங்கலத்தில் நடந்த கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார். "மாமா மூணு மாசமா படுத்த படுக்கையா இருக்கார். சலூன்கடைக்குத் தூக்கிட்டுப் போக முடியல. வீட்டுக்கு வரச் சொன்னா இன்னைக்கு நாளைக்குன்னு போகுது. தாடிக்குள்ள கஞ்சி ஒட்டி ஒட்டி தாடையில புண்ணே வந்துருச்சு. நாமளே சிரைச்சு விடக் கூடாதா?"

முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு வரிசையாக நாலு பேர் "எங்க வீட்லயும் அதே கதைதான்" என்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. சவரம் கற்றுக்கொள்வது என்று தீர்மான நோட்டில் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ஒருவர் மட்டும், "அந்த வேலை நமக்கெதுக்கு மதினி, ஊர் என்ன பேசும்?" என்று தயங்கினார். ஊர் பேசத்தான் செய்யும். சிரைப்பது என்ற சொல்லையே வசவாக வைத்திருக்கிற ஊர் நம்முடையது. ஆனால் நம் பாட்டிமார் பலருக்குப் பிரசவம் பார்த்தது அந்தச் சமூகத்துப் பெண்கள்தான். மருத்துவச்சி என்று கூப்பிட்டோம், திண்ணைக்குக் கீழே உட்கார வைத்தோம். வேலை கேவலமில்லை. நாம் நடத்திய விதம்தான் கேவலம்.

நாற்பது வருசமாகக் கத்தி பிடிக்கும் பெரியவர் ஒருவரைச் சொல்லித்தரக் கேட்டோம். அவர் பிழைப்பில் கை வைப்பதாக நினைத்துவிடுவாரோ என்று எங்களுக்குப் பயம். அவர் சொன்னது வேறு: "தொழில் போயிரும்னு எனக்குப் பயமில்லம்மா. கத்தியக் கெடுத்துருவீங்கன்னுதான் பயம்." அவருக்கு மூன்று நாள் கூலியைக் குழு நிதியில் இருந்து கொடுத்தோம். அவர் சொன்னபடியேதான் அவரிடம் இரவல் வாங்கிய தோல்வாரை இரண்டாம் நாளே கீறி வைத்தோம். புது வார் வாங்கிக் கொடுத்தது தனிக் கதை.

பெண்கள் இந்தத் தொழில் செய்தது உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹசூர்சாஸ்கிரி கிராமத்தில் சாந்தாபாய் யாதவ் என்றொரு அம்மா. 1984-இல் கணவர் இறந்தபோது கையில் நான்கு பெண் குழந்தைகள். காட்டுக் கூலி கஞ்சிக்குக் காணவில்லை. ஊர்ப் பெரியவர் ஹரிபாவ் கடுக்கர், "உன் புருசன் தொழிலை நீ ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்டு, தானே முதல் ஆளாகத் தாடையை நீட்டினார். ஊர் சிரித்தது. அந்த அம்மா கணவரின் கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமங்களுக்கும் நடந்து போய்ச் சவரம் செய்தார். ஆரம்பத்தில் ஒரு ரூபாய்தான் கூலி. அதை வைத்தே குழந்தைகளை வளர்த்தார். உத்தரப் பிரதேசத்து பன்வாரி டோலா கிராமத்தில் ஜோதி, நேகா என்ற அக்கா தங்கச்சி, அப்பா நோயில் விழுந்ததும் ஆம்பளைப் பிள்ளை மாதிரி முடி வெட்டிக்கொண்டு கடையை நடத்தினார்கள். 2019-இல் சச்சின் டெண்டுல்கரே அவர்களிடம் முகச் சவரம் செய்துகொண்டார்.

இனி பாடத்துக்கு வருவோம்.

முதல் நாள் யார் முகத்திலும் கத்தி வைக்க வேண்டாம். ஒரு பலூனை ஊதி, அதன் மேல் சோப்பு நுரை தடவி, பலூன் வெடிக்காமல் நுரையை வழித்து எடுக்க வேண்டும். எங்களில் ஆறு பேர் உடைத்த பலூனைக் கணக்கெடுத்தால் ஒரு பிறந்தநாளே கொண்டாடி இருக்கலாம். ஆனால் கையின் அழுத்தம் குறைவது அதில்தான். கத்தியின் கனமே போதும், நாம் அழுத்தத் தேவையில்லை என்பது வாயால் சொன்னால் புரியாது.

முகத்துக்கு வரும்போது பாதி வேலை தண்ணீரில் இருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் தாடையில் போட்டு வையுங்கள். காய்ந்த தாடி முடி கம்பி மாதிரி, ஊறினால் இளகிவிடும். பிறகு நல்ல கெட்டி நுரை. இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்த தோலில்தான் வெட்டு விழும். வயசானவர்களுக்குத் தோல் தளர்ந்து இருப்பதால் இது இன்னும் முக்கியம். கத்தியைத் தோலோடு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பிடியுங்கள். ரொம்பப் படுத்தால் முடியைப் பிடுங்கும், நிமிர்ந்தால் தோலைச் சீவும். முடி எந்தப் பக்கம் வளருதோ அந்தப் பக்கமே சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கீறல்தான். காய் அரிவது போலக் கத்தியை அறுத்து இழுக்கும் பழக்கம் நம் கைக்கு உண்டு. அதை மறக்கத்தான் நாளாகும். கன்னத்தில் தொடங்குங்கள். மேலுதடும் தாடை முனையும் கடைசியில். எதிர்ச் சவரம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தீட்டுவது. பெரியவர் மூன்று நாளில் இரண்டு நாளை இதற்கே எடுத்துக்கொண்டார்.

கருக்கரிவாளும் வாழை வெட்டும் கத்தியும் பிடித்த கை நம்முடையது. அம்மியிலும் தொட்டிக் கல்லிலும் தேய்த்துப் பழகியவர்கள். சவரக்கத்தியை அப்படித் தேய்த்தால் அன்றோடு அது போச்சு. அரிவாளுக்குச் சாய்வை நம் கை தீர்மானிக்கிறது. சவரக்கத்திக்குச் சாய்வு கத்தியிலேயே இருக்கிறது. அதன் முதுகு தடித்தும் நடு வயிறு குழிந்தும் இருப்பதைப் பாருங்கள். கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் கூரும் இரண்டும் ஒருசேரக் கல்லைத் தொடும். அதுதான் சரியான சாய்வு. முதுகைத் தூக்கினால் தப்பு.

கல்லில் தீட்டும்போது கூர் முன்னே போக வேண்டும், கல்லின் மேல்தோலைச் சீவி எடுப்பது போல. கல்லின் முனை வந்ததும் முதுகின் மேல் புரட்டி, திரும்பி வர வேண்டும். கூரின் மேல் புரட்டவே கூடாது. கல்லைவிடக் கத்தி நீளமாக இருந்தால், அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுங்கள். அப்போதுதான் முழுக் கூரும் ஒரே அளவு தேயும். மழுங்கிப் போன கத்திக்கு 1000 நம்பர் கல், அதற்குப் பிறகு 4000, முடிக்க 8000 அல்லது அதற்கு மேல். கடையில் வாங்கும் தண்ணீர்க் கல்லில் நம்பர் போட்டிருக்கும். நம்பர் கூடக் கூடக் கல் மழமழப்பாகும். கல் நடுவில் குழி விழுந்தால் தீட்டல் கெடும். பென்சிலால் கல்லில் கட்டம் போட்டு, சமமான கண்ணாடி மேல் ஒட்டிய ஈர உப்புத்தாளில் கட்டங்கள் எல்லாம் அழியும்வரை தேய்த்தால் கல் சமமாகும்.

தோல்வாரில் எல்லாமே தலைகீழ். முதுகு முன்னே, கூர் பின்னே இழுபட வேண்டும். நாங்கள் வாரைக் கீறியது இதை மாற்றிச் செய்ததால்தான். வார் தொய்யாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் முப்பது நாற்பது முறை, மெதுவாக. வேகமாக இழுத்தால் சத்தம் நன்றாக வரும், அவ்வளவுதான். இப்படி வாரைத் தவறாமல் பிடித்தால் கல்லுக்குப் போவது சில மாதத்துக்கு ஒருமுறை போதும்.

முடி இவ்வளவு மெத்தென்று இருக்க, இரும்பு எப்படி மழுங்குது என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. இதையே அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். முடியைவிட எஃகு ஐம்பது மடங்கு கடினம். இருந்தும், முடி வளைந்து கூரில் படும்போது, எஃகின் உள் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் துளியாகச் சில்லு தெறிக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில்லுகள் சேரச் சேரக் கத்தி பிடுங்க ஆரம்பிக்கிறது.

வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து, ஈரம் உலர்த்தி, தையல் மிசின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நம் ஊரில் தாராளம்தான், ஆனால் நாளானால் பிசுபிசுப்பு ஏறிவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கவனமாகப் படியுங்கள். தீட்டும் கத்தி ஒரு ஆளுக்கு மட்டும்தான். மாமனாருக்குப் பிடித்ததை வீட்டுக்காரருக்குக் கூடப் பிடிக்கக் கூடாது. ஹெபடைடிஸ்-பி என்ற மஞ்சள் காமாலைக் கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாளாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். எச்.ஐ.வி. பற்றி எல்லோருக்கும் தெரியும், இதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. கூலிக்குச் சவரம் செய்ய நினைக்கும் உறுப்பினர்கள் பிளேடு மாற்றும் பிடியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு புது பிளேடு, அவர் கண் முன்னாலேயே பிரித்துப் போட வேண்டும். படிகாரக் கல்லையும் ஆளுக்கு ஆள் தேய்க்கக் கூடாது. பொடி செய்து தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் தொட்டு வையுங்கள். கைக்குழந்தைக்குத் தேவதானப்பட்டி காமாட்சியம்மன் கோயிலிலோ பழனியிலோ முடி இறக்கும்போதும் புது பிளேடு கேட்டு வாங்குங்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 செப்டம்பர் முதல் முடிக்காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அதனால் தயக்கம் வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை கால் உதறுகிறவர்கள், முகத்தில் புண் இருப்பவர்கள், இவர்களுக்குக் கத்தியே வேண்டாம். பேட்டரி டிரிம்மர் வைத்து ஒட்ட வெட்டிவிட்டால் போதும். கேள்வி கேட்ட நம் உறுப்பினரின் மாமனாருக்கும் அப்படித்தான் ஆனது. இதய மாத்திரை சாப்பிடுகிறார் என்று மூன்றாம் நாள்தான் சொன்னார். தாடை புண் ஆறும்வரை டிரிம்மர், அதற்குப் பிறகும் டிரிம்மர்தான் என்று முடிவானது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மூன்று நாள் படித்ததை வீட்டுக்காரர் முகத்தில் காட்டிவிட்டு வந்து, "ஒரே ஒரு கீறல்தான் அக்கா, அதுவும் அவர் பேசுனதால" என்றார்.

அடுத்த பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பலூன், ஒரு துண்டு, குளிக்கிற சோப்பு கொண்டு வாங்க. 4000 நம்பர் கல் ஒன்று குழுவில் இருக்கிறது. வாரை மட்டும் கவனமாகப் பிடிங்க.